துவக்கு இல்லாத வீடு

வீட்டில் துவக்கு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லுவதில் பேனாட்டுக்கு நல்ல பழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் அவன் இருந்த காலத்தில் இராணுவம் தன் துவக்கை நீட்டிக்கொண்டு கேட்டது. அமைதி காக்க வந்த படை கேட்டது. இயக்கப் பொடியன்கள் ஒரு கூட்டத்துக்குப் பின் ஒரு கூட்டமாக வந்து கேட்டார்கள். சட்டையின் நிறம் மாறியது, பாஷை மாறியது, கேள்வி மாறவில்லை. அவனுடைய பதிலும் மாறவில்லை. 'இல்லை ஐயா.' இதில் ஒரு நுட்பம் உண்டு. கேட்கிறவன் கேள்வியை முடிக்கிறதுக்கு முதலே பதில் வந்துவிட வேண்டும். முந்திச் சொன்னவன் வீட்டுக்குப் போனான். யோசித்துச் சொன்னவன் வாகனத்தில் ஏறினான்.

ஆகவே தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்ரெம்பரில், ஜெர்மனியில் சவர்லாண்ட் மலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டினத்தில், பிள்ளைகளின் டொக்டர் ஒஸ்டர்மன், "உங்கள் வீட்டில் துவக்கு..." என்று தொடங்கியதுமே பேனாட், "நைன்!" என்றான். இல்லை என்பதற்கு ஜெர்மன் சொல் அது. பேனாட்டுக்கு ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் துவக்கு என்ற ஒரு சொல் எந்தப் பாஷையில் வந்தாலும் அவனுக்கு விளங்கும். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த கைக்குழந்தை வீரிட்டது.

அன்றைக்கு அவன் வந்தது மகள் வெரோனிக்காவின் ஐந்து வயதுச் சோதனைக்கு. காது பார்த்தாயிற்று, கண் பார்த்தாயிற்று, ஒற்றைக்காலில் நின்று காட்டியாயிற்று. அதற்குப் பிறகு டொக்டர் வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். யாராவது புகைப்பதுண்டா, கழுவுகிற மருந்துகள் உயரத்தில் இருக்கின்றனவா என்று ஒழுங்காகக் கேட்டு வந்தவர், இப்படி ஒரு குண்டைப் போட்டுவிட்டார். ஏன் கேட்கிறேன் என்று நீளமாக ஏதோ விளக்கமும் சொன்னார். வெரோ அந்த நேரம் மேசையிலிருந்த இனிப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அது மொழிபெயர்க்கப்படவில்லை.

பேனாட்டின் நினைவெல்லாம் ஒக்டோபர் மாதத்தில் இருந்தது. ஒக்டோபரில் வெளிநாட்டார் அலுவலகத்தில் வீசா நீட்ட வேண்டும். போனமுறை ஆறு மாதத்துக்குத்தான் குத்திக் கொடுத்தார்கள். அவனுடைய கோப்பில் துவக்கு என்ற சொல் ஒருமுறை விழுந்தால் போதும், அடுத்த முத்திரை கொழும்பு விமானநிலையத்தில்தான்.

"பிள்ளை, இல்லையெண்டு வடிவாச் சொல்லு," என்றான் மகளிடம்.

பேக்கரிக்காரியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வெரோதான். ஒரு சொல்லையும் விழுத்தாமல் சொல்லுவது அவளுக்குப் பெருமை.

"அப்பா என்னை இல்லையென்று தெளிவாகச் சொல்லச் சொல்கிறார்," என்றாள் டொக்டரிடம்.

டொக்டரின் பேனை நின்றது. "நீ என்ன சொல்கிறாய்?"

"நானும் இல்லையென்றுதான் சொல்ல வேண்டும்."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிக மெதுவாக, சனிக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பி குடிக்கலாமா என்று கேட்டார். சும்மா பேசத்தான், பேசுவது ஒன்றும் வெளியே போகாது என்றார்.

"சனிக்கிழமை எங்கடை வீட்டை வாறாராம் அப்பா. கதைக்கிறது வெளியிலை போகாதாம்."

கதைக்கிறது வெளியில் போகாது என்ற வசனத்தைப் பேனாட் முன்பும் கேட்டிருக்கிறான். கேட்ட இடங்களெல்லாம் முகாம்கள்.

*

அந்தப் பக்கத்துத் தமிழருக்கு எல்லாச் சட்டமும் தெரிந்த ஆள் அன்ரன் அண்ணை. எண்பத்துநாலில் வந்தவர். பேக்கரியின் பாணை விநியோகிக்கும் வான் ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு காரும் உண்டு. பேனாட் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கோப்பியாம் கோப்பி. தம்பி, இது செக்கிங். இஞ்சத்தையான் சுத்திவளைப்பு இப்பிடித்தான். நாளும் நேரமும் குறிச்சு ரெர்மின் குடுத்திட்டு வருவாங்கள்."

"அண்ணை, அவர் பிள்ளையளின்ரை டொக்டர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். பொலிசை அனுப்பினால் நீர் உசாராயிடுவீர் எண்டு டொக்டரை அனுப்புறாங்கள். உமக்கு வீசா எப்ப?"

"ஒக்டோபர்."

"பாத்தீரே!"

பேனாட்டின் மனைவி பிறேமா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். "எங்களிட்டை என்ன கிடக்கு அண்ணை? இல்லாத சாமானுக்கு ஏன் பயப்பிடோணும்?"

"தங்கச்சி, இல்லாததாலைதான் பயம். இருக்கிறவன் அதைக் கொண்டுபோய் ஒளிச்சுப்போட்டு நிம்மதியாப் படுப்பான். இல்லாதவன் எதையெண்டு ஒளிக்கிறது?"

ஆனபடியால் துவக்கைப் போலிருப்பதையும், துவக்கை நினைக்கவைப்பதையும் ஒளிப்பது என்று முடிவாயிற்று. கத்திகள் போயின. முள்ளுக்கரண்டிகள் போயின. தேங்காய் திருவலை போயிற்று. வெரோவின் தண்ணீர்த் துவக்கு அழுகையோடு போயிற்று. தூசி உறிஞ்சுகிற மெசினின் குழாயை அன்ரன் அண்ணை தோளில் வைத்துப் பார்த்தார். "கண்ணாடி போடாதவன் பாத்தா ரொக்கெற் லோஞ்சர்தான்," என்றார். அதுவும் போயிற்று. கடைசியாக அவர் பார்வை சுவரிலிருந்த மிக்கேல் சம்மனசின் படத்தில் நின்றது. பிறேமா குறுக்கே வந்து நின்றாள்.

"அதிலை கை வைச்சியளெண்டால் நான் இஞ்சை இருக்கமாட்டன்."

"வாள் வைச்சிருக்கிறாரே தங்கச்சி."

"சாத்தானை வெட்டுறதுக்கும் இஞ்சை லைசென்ஸ் எடுக்கோணுமே?"

கெவலார் மாதா யாத்திரையில் வாங்கிய பெரிய மெழுகுதிரியை வாளுக்கு முன்னால் நிறுத்துவது என்று சமாதானமாயிற்று. மற்ற எல்லாம் அன்ரன் அண்ணையின் கார் டிக்கிக்குள் போயின. ஒரு குடும்பத்தின் சமையலறை அந்தச் சிவப்புக் காரின் பின்பக்கத்தில் கிலுங்கிக்கொண்டு மலை இறங்கியது.

*

வருகிறவர் சோதிக்க வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான் என்பது பிறேமாவின் கட்சி. சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். இறைச்சியைத் துருக்கிக் கடைக்காரன் வெட்டிக் கொடுத்தான். வெங்காயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். பாதியில் பேனாட் வந்து கத்தரிக்கோலைக் கண்டு அதையும் பிடுங்கிக்கொண்டு போனான். உருளைக்கிழங்கு முழுசு முழுசாகவே கறிக்குள் விழுந்தது.

"உங்களுக்கு விசர் முத்திப்போச்சு," என்றாள் பிறேமா.

"வீசா கிடைக்கட்டும், விசர் மாறீடும்."

பேனாட்டின் பக்கத்து வேலைகள் முறைப்படி நடந்தன. அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தான். பெட்டிகளைத் திறந்து தரையில் பரப்பினான். மெத்தையை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தான். தேடுகிறவனுக்கு வேலை குறைந்தால் அடி குறையும் என்பது ஊரில் எல்லாரும் அறிந்த பாடம். மணியாகியதும் மூன்று பேரும் வெளிவாசலில், மதிலோரமாக, கையில் அடையாளப் பத்திரங்களோடு வரிசையாக நின்றார்கள். எதிர்வீட்டுக் கிழவி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள்.

டொக்டர் ஒஸ்டர்மன் ஒரு கையில் பூங்கொத்தும் மறுகையில் அப்பிள் கேக்குமாக வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். மூவருக்கும் கைகொடுத்தார். உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"எங்கேயாவது பயணம் போகிறீர்களா?"

"இல்லை," என்றாள் வெரோ. "நீங்கள் தேடுவதற்கு வசதியாக."

டொக்டர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காதபடியால் நிறுத்திக்கொண்டார்.

கேக்கை வெட்டக் கத்தி கேட்டார். பிறேமா தையல் நூலொன்றை எடுத்து இரண்டு நுனியையும் பிடித்து, கேக்கை அழகாக ஆறு துண்டாக்கினாள். சாப்பாட்டுக்குக் கரண்டி மட்டுமே வந்தது. முழு உருளைக்கிழங்கொன்று கரண்டிக்குப் பிடிபடாமல் சாப்பாட்டுக் கோப்பைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. அதைத் துரத்திக்கொண்டிருந்த டொக்டரின் முகம் வரவர இருண்டது. கத்தியும் முள்ளும் இல்லாத வீட்டை அவர் வைத்தியசாலையில் ஒரேயொரு பகுதியில்தான் பார்த்திருக்கிறார். அது மனம் குழம்பியவர்களின் பகுதி.

குரலைத் தாழ்த்தினார். "வெரோனிக்கா, உங்கள் வீட்டுக் கத்திகளை யார் ஒளித்தது?"

"அன்ரன் மாமா. காருக்குள்."

"ஏன்?"

"நீங்கள் வருகிறீர்கள் என்று."

டொக்டர் கரண்டியை வைத்தார். "என்னைக் கண்டு உங்களுக்குப் பயமா?"

"என்ன கேக்கிறார்?" என்றான் பேனாட்.

"பயமோ எண்டு கேக்கிறார் அப்பா."

"பயமில்லையெண்டு சொல்லு."

"அப்பா பயமில்லையென்று சொல்லச் சொல்கிறார்," என்றாள் வெரோ.

பிறகு டொக்டர், குழந்தைக்குச் சொல்லுவது போல, முதலில் சொன்ன விளக்கத்தை மறுபடி சொன்னார். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு சிறுவன் அலுமாரிக்குள் தாத்தாவின் துவக்கைக் கண்டெடுத்து, தன் காற்பெருவிரலையே சுட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவர் வருகிற பெற்றோர் எல்லாரையும் கேட்கிறார். பிள்ளைகளையும் கேட்கிறார், ஒளித்து வைத்த இடம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். இந்தமுறை வெரோ முழுவதையும் மொழிபெயர்த்தாள்.

"கேட்டியளே?" என்றாள் பிறேமா. "அந்தாள் பிள்ளையின்ரை காலுக்காகக் கேட்டிருக்கு. நீங்கள் என்ரை சமையலறையைக் காரிலை ஏத்திப்போட்டியள்."

பேனாட் தேத்தண்ணியைக் கையில் எடுத்தான். துவக்கைப் பற்றிக் கேட்கிறவன் பிள்ளையைக் காப்பாற்றக் கேட்பான் என்பது அவன் எங்கும் கேள்விப்படாத விஷயம். அதை நம்பலாமா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கையில், டொக்டரின் கேள்வி கேட்கும் முறை வெரோவுக்குப் பிடித்துவிட்டது. அவள் அவரைப்போலவே கைகளைக் கோத்து, அவரைப்போலவே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உங்கள் வீட்டில் துவக்கு இருக்கிறதா?"

"இருக்கிறது," என்றார் டொக்டர். "மூன்று."

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பேனாட்டின் தேத்தண்ணி மடியில் ஊற்றுண்டது. இலக்குப் பார்த்துச் சுடும் ஊர்ச் சூட்டுச் சங்கத்தில் தான் இருப்பதாக டொக்டர் அவசரமாகச் சொன்னார். பேனாட்டுக்கு ஜூன் மாதத்துச் சங்க ஊர்வலம் நினைவுக்கு வந்தது. பச்சைக் கோட்டுப் போட்ட ஆண்களெல்லாம் துவக்குத் தூக்கி, பாண்ட் வாத்தியத்தோடு கடைத்தெருவால் போனார்கள். அவன் மதிலோடு ஒட்டி நின்று அடையாளப் பத்திரத்தை உயர்த்திப் பிடித்தான். வரிசையில் ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். இந்த மனிதர்தான் அது!

"பூட்டி வைத்திருக்கிறீர்களா?" வெரோ விடவில்லை.

"பூட்டித்தான்."

"திறப்பு எங்கே?"

"வரவேற்பறையில். பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கோப்பைக்குள்."

"சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுமா?"

இல்லையென்று சொல்லத்தான் டொக்டர் வாயெடுத்தார். கோப்பை இருந்த உயரம் கண்முன் வந்தது. கதிரையொன்றை இழுத்துப் போட்டால் எட்டும். காசல் நகரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் இலையுதிர்கால விடுமுறைக்கு வரப்போகிறார்கள். ஊர் முழுவதையும் கேட்டவர் தன் வீட்டை மட்டும் கேட்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

உருளைக்கிழங்கு ஆறுவதற்கு முன்பே திரும்பி வந்தார். மேசையில் துவக்கு அலுமாரியின் சாவியை, அந்தச் சின்னத் திறப்பை, வைத்தார். விடுமுறை முடியும்வரை இதை இங்கே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்.

"ஏன் எங்களிட்டை?" என்றான் பேனாட். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இந்த ஊரில் நான் யாரிடம் கொடுத்தாலும் அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. முள்ளுக்கரண்டிகூட இல்லாத வீடு இது ஒன்றுதான்."

"ஏலாது! ஏலாதெண்டு சொல்லு பிள்ளை. எனக்கு வீசா இருக்கு."

வீசாவுக்கும் திறப்புக்கும் என்ன தொடர்பு என்று டொக்டருக்கு விளங்கவில்லை. பிறேமா எழும்பி வந்து திறப்பை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்த ஊருக்கு வந்து ஆறு வருசம். ஒருத்தராவது எங்களை நம்பி ஒரு குடையைத் தந்ததோ? அந்தாள் நம்பித் தாறார்." சொல்லிக்கொண்டே போய் அதை அரிசிச் சாக்குக்குள் ஆழமாகப் புதைத்தாள்.

அன்றிலிருந்து பேனாட் சோறு சாப்பிடும்போதெல்லாம் மெதுவாக மென்றான்.

*

ஒக்டோபர் வந்தது. வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போகும் வழி முழுவதும் பேனாட் மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனான். "கேக்காமல் ஒண்டும் சொல்லாதை. கேட்டதுக்கு மட்டும் சொல்லு. விளங்கிச்சோ?"

"ஓம் அப்பா."

அலுவலகத்தில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். கோப்பைப் புரட்டினார். வேலை கேட்டார், கதவுக் கைபிடி செய்யும் தொழிற்சாலை என்று வெரோ சொன்னாள். சம்பளச் சீட்டுப் பார்த்தார். வாடகைப் பத்திரம் பார்த்தார். பிறகு மௌனமாகத் தாள்களைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மௌனம் பேனாட்டுக்குத் தெரிந்த மௌனம். அதற்குப் பிறகு வருகிற கேள்வி எதுவென்றும் அவனுக்குத் தெரியும். முந்த வேண்டும்.

"வீட்டில் துவக்கு இல்லை!" என்றான், தன் சொந்த ஜெர்மனில்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன?"

கேட்டுவிட்டார். கேட்டதற்குச் சொல்லலாம் என்பது வெரோவுக்குக் கிடைத்த உத்தரவு. "எங்கள் வீட்டில் துவக்கு இல்லை. திறப்பு மட்டும்தான் இருக்கிறது."

"எதனுடைய திறப்பு?"

"டொக்டர் ஒஸ்டர்மனின் மூன்று துவக்குகளுடைய திறப்பு. அரிசிச் சாக்குக்குள்."

பேனாட் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி எழுந்து போகும் சத்தம் கேட்டது. கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது. கதிரை இழுபடும் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"ஒஸ்டர்மன் உங்களிடமா கொடுத்தார்?" அதிகாரியின் குரலில் கோபமில்லை, மனக்குறை இருந்தது. "நானும் அவரும் இருபது வருடமாக ஒரே சங்கம். என்னிடம் தரவில்லையே."

"உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே," என்றாள் வெரோ. "ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அவர் சொன்னார்."

அதிகாரி கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு திறப்புக்கோர்வையை எடுத்து, நகத்தால் நெம்பி, சின்னத் திறப்பொன்றைத் தனியே கழற்றினார்.

"எனக்கு ஒரு பேத்தி. நாலு வயது. எல்லாவற்றிலும் ஏறுகிறாள்." குரல் இன்னும் இறங்கியது. "உங்கள் அரிசிச் சாக்கில் இடம் இருக்குமா?"

வெரோ மொழிபெயர்த்தாள். பேனாட் கண்ணைத் திறந்தான். நீட்டிய கையைப் பார்த்தான். மேசைமேல் மைக்கட்டைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த முத்திரையைப் பார்த்தான். துவக்குக்காரன் ஒருவன் கேட்டுவிட்டு, பேனாட்டின் பதிலுக்காக அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை. பேனாட் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பிள்ளை, சொல்லு. முதலிலை அந்த முத்திரையைக் குத்தட்டாம். ரெண்டு வருசத்துக்கு. பிறகு இடத்தைப் பாப்பம்."

வெரோ அதிகாரியின் பக்கம் திரும்பி, ஒரு சொல்லையும் விழுத்தாமல் சொன்னாள்.