தூரத்தில் தெரிகிற சிவப்பு

சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாகுல் ஹமீது யாரையும் எளிதில் நம்பிவிடுகிறவர் அல்ல. பள்ளிவாசலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கழற்றிவைப்பார். பால்காரன் ஊற்றிய பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்புவார். அப்படிப்பட்டவர் தம் ஒரே மகள் பரீதாவை அரபுத் தெருவில் சாம்பிராணியும் அத்தரும் விற்கிற சாலிமுக்குக் கொடுக்கச் சம்மதித்தார் என்றால் கடைத்தெரு வியக்காமல் என்ன செய்யும்?

சாலிம் பிறந்தது சிங்கப்பூரில். தகப்பனார் அரேபியாவின் தென்கோடியிலுள்ள ஹத்ரமௌத் தேசத்து அரபி, தாய் மலாய்க்காரி. தாய் மௌத்தாகிவிட்டாள். தகப்பனார் சாலிம் சிறுவனாக இருந்தபோது ஊர் பார்த்து வரப் போனவர், திரும்பவே இல்லை. சிற்றப்பாதான் வளர்த்தார். தமிழ்க் கடைகளுக்கு நடுவே ஓடியாடி வளர்ந்ததால் அவனுக்குத் தமிழ் தடையில்லாமல் வந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் நல்ல பெயர். சாகுல் ஹமீதுக்கு அதுவே உறுத்தியது. இத்தனை பெரிய ஊரில் ஒரு மனிதனைப் பற்றிக் குறை சொல்ல ஒருவர்கூடவா கிடைக்க மாட்டார்?

பெண் கேட்டு வந்த அன்றே சாலிம் தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டான். கல்யாணம் இங்கே வேண்டாம். ஹத்ரமௌத்தில், அவன் தகப்பனார் இருக்கும் ஊருக்கு வெளியே, பாலைவனத்தில் கூடாரம் அடித்து, வெட்டவெளியில் நடக்க வேண்டும்.

"கடல் தாண்டி, ஒட்டகத்துல ஏறி, மணல்ல போயி உக்காந்தா கல்யாணம் பண்ணணும்? ஒங்க வாப்பா ஒரு கப்பலைப் புடிச்சு இங்க வரட்டுமே" என்றார் சாகுல் ஹமீது.

"அவுங்களால வர முடியாது மாமா."

"சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்காங்க. வர முடியாது."

அத்தோடு பேச்சு நின்றது. சாகுல் ஹமீது அன்றே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். பரீதாதான் தடுத்தாள். கடைக்கு மேல்மாடியில், மூங்கில் தட்டிக்குப் பின்னால் வளர்ந்த பெண் அவள். தட்டியின் இடுக்கு வழியாக மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். "பாலைவனம்னா பாலைவனம். இந்த மாடியை விட்டு எறங்கினாப் போதும்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

ஏற்பாடுகள் தொடங்கின. கோயில் திருவிழாக்களுக்குப் பந்தல் துணி தைத்துக் கொடுக்கிற கோவிந்தசாமியிடம் கூடாரம் தைக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். துணி சாகுல் ஹமீதின் கடையிலிருந்தே போனது. சாலிம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து புதிதாக ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போவான்.

முதலில் நிறம். வெள்ளை ஆகாது, கறுப்பு ஆகாது, காவியும் ஆகாது. கண்ணைப் பறிக்கிற நிறமாக இருக்க வேண்டும் என்றான். சரி, கல்யாணம்தானே என்று சாகுல் ஹமீது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எடுத்துக் கொடுத்தார். பச்சை பரீதா கேட்டது.

அடுத்து கொட்டு. முகல்லா துறைமுகத்திலிருந்தே கொட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். தகப்பனார் ஊர் இருக்கும் பள்ளத்தாக்குக்குள் கால் வைத்ததிலிருந்து கொட்டுச் சத்தம் நிற்கவே கூடாதாம்.

அதற்கடுத்த வாரம் சொன்னதுதான் சாகுல் ஹமீதின் தூக்கத்தைக் கெடுத்தது. "நம்ம ஆளுங்க யாரும் கத்தி கொண்டு வரவேணாம் மாமா. பாக்குவெட்டி கூட வேணாம்லா."

"பாக்குவெட்டி இல்லாம என்ன கல்யாணம்?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சம்சுன்னிசா குரல் கொடுத்தாள். சாலிம் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் போன பிறகு சம்சுன்னிசா கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தச் சிற்றப்பா என்ன சொன்னாரு? அண்ணன் வூடு மண்ணால கட்டின மாளிகை, மாடிக்கு மேல மாடின்னு சொன்னாருல்ல? அம்மாம் பெரிய வூடு இருக்கையில கல்யாணத்தை ஏன் வெளிய வைக்கணும்?"

"ஏன்?"

"வூட்டுக்குள்ள ஒருத்தி இருக்கா. அதான்."

ஹத்ரமௌத்துக்காரர்கள் பலருக்கு ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சொன்னவுடனே சாகுல் ஹமீதுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. சாலிமுக்கு ஒரு மூத்தவள் அந்த வீட்டில் இருக்கிறாள். அவள் அண்ணன் தம்பிகள் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் கத்தி வேண்டாம் என்கிறான்!

"கேட்டுப்புடுங்களேன்" என்றாள் சம்சுன்னிசா.

"கேட்டா பொய்யைச் சொல்லுவான். நாமளாத் தெரிஞ்சுக்கணும்."

மறுநாள் அரபிகள் குடியிருக்கிற கம்போங் கிளாமுக்குப் போனார். சுல்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் பேரீச்சம்பழம் விற்கிற ஹத்ரமௌத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாகுல் ஹமீது எதிரில் அமர்ந்து, மலாயில் வெயிலைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசி, மெல்லச் சாலிமுடைய தகப்பனாரின் பெயரைச் சொன்னார். அந்த மனிதரின் முகம் இறுகிப்போனது. பாதி குடித்த காப்பியைத் தள்ளிவைத்தார். எழுந்து வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

பெண்சாதி விவகாரத்துக்கு ஒரு மூன்றாம் மனிதன் இப்படி எழுந்து போவானா? இதில் வேறு என்னவோ இருக்கிறது. அதன் பிறகு மாப்பிள்ளை சிரித்தாலும் அவருக்குச் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கூடாரங்கள் தயாரானதும் அடித்துப் பார்க்க வேண்டும் என்றான் சாலிம். தஞ்சோங் ரூ கடற்கரையில் சவுக்கு மரங்களைத் தாண்டினால் வெறும் மணல். ஒரு காலைப் பொழுதில் மாட்டு வண்டியில் துணியையும் கழிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவிந்தசாமி தம் ஆட்களோடு மூன்று கூடாரங்களையும் அடித்து நிறுத்தினார். பச்சை, மஞ்சள், சிவப்பு. விளிம்பில் குஞ்சம், உள்ளே பூ வேலை. கடல்காற்றில் அவை புடைத்து நின்றபோது சாகுல் ஹமீதுக்கே மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

"உள்ளே வந்து தையலைப் பாருங்க தம்பி. ஒரு பிசிறு இருக்காது" என்றார் கோவிந்தசாமி.

சாலிம் உள்ளே போகவில்லை. கிட்டேகூடப் போகவில்லை. கூடாரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையோரமாக நடக்க ஆரம்பித்தான். நடந்தான், நடந்தான், ஆள் சிறுத்துப் புள்ளியாகிற வரைக்கும் நடந்தான். அங்கே ஒரு மணல்மேட்டில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"என்ன பாய் பண்றாரு உங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார் கோவிந்தசாமி. சாகுல் ஹமீதும் நெற்றியில் கையை வைத்து அந்தப் பக்கம் பார்த்தார். கல்யாணக் கூடாரத்தை எவன் குப்புறப் படுத்துப் பார்ப்பான்?

சாலிம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "பச்சை வேணாம் மாமா. அங்கேருந்து கறுப்பாத் தெரியுது. மஞ்சள் மணலோட மணலாப் போயிடுது. எல்லாமே செவப்பா இருக்கட்டும்."

சாகுல் ஹமீது அவன் கையைப் பிடித்துச் சவுக்கு நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அம்புட்டுத் தூரத்துல படுத்துக்கிட்டு ஒன் கல்யாணத்தை யாரு பாக்கப் போறா? அந்த வூட்டுல ஒனக்குப் பொஞ்சாதி இருக்காளா? உண்மையைச் சொல்லு."

"பொஞ்சாதியா?" சாலிம் திகைத்துப்போனான். "அல்லா மேல ஆணையா இல்ல மாமா." பிறகு மணலில் உட்கார்ந்தான். "துப்பாக்கி வச்சிருக்கவங்க பாப்பாங்க."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. அவன் பெரியப்பா ஒரு கிணற்றுத் தகராறில் பக்கத்துக் குலத்து ஆளைச் சுட்டுவிட்டார். ஊர் பார்க்கப் போன தகப்பனார் சரியாக அந்த நேரத்தில் அங்கே இருந்தார். பெரியப்பா பிறகு யாரும் சுடாமலே, நோயில் விழுந்து மௌத்தாகிவிட்டார். பழி மட்டும் தம்பியின் தலையில் நிற்கிறது. வீட்டுக்கு எதிர்க் குன்றில் எப்போதும் துப்பாக்கியோடு ஆள் இருக்கும். பெண்கள் போகலாம், வரலாம்; அவர்களைத் தொட மாட்டார்கள். ஆண் வாசலைத் தாண்டினால் குண்டு. சாலிமின் தகப்பனார் இத்தனை காலமாக அந்த மாளிகைக்குள்தான் இருக்கிறார். காப்பிக்கடையில் எழுந்து போனவர் அந்த எதிர்க் குலத்து மனிதராக இருக்க வேண்டும்.

"பொண்ணு ஊர்வலம் போறப்போ மட்டும் யாரும் சுட மாட்டாங்க. அது அங்க எல்லாருக்கும் மானப் பிரச்சினை. கல்யாணம்னு தூரத்துலேருந்தே தெரியணும், சத்தம் கேக்கணும், நம்ம கையில ஆயுதம் இருக்கக் கூடாது. பொண்ணு கடற்கரை போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு நிக்கும். அவகூட வாப்பாவும் வெளிய வந்துடலாம்."

சாகுல் ஹமீது அவனுக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தார். "அப்ப எம் மவ ஒனக்குப் பொஞ்சாதியா, இல்ல ஒங்க வாப்பாவுக்குப் புடிக்கிற குடையா?"

சாலிம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொண்ணு கேட்டு வந்தப்போ அப்படித்தான் நெனச்சேன் மாமா. எந்தப் பொண்ணா இருந்தாலும் சரின்னு. இப்ப அப்படி இல்ல."

"இப்ப இல்லேன்னு நான் எப்பிடி நம்புறது?"

"எனக்குத் தெரியல" என்றான் சாலிம்.

சாகுல் ஹமீது வீட்டுக்கு வந்ததும் சம்பந்தம் முறிந்தது என்று சொல்லிவிட்டார். சம்சுன்னிசா துப்பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதுமே அழ ஆரம்பித்தாள். பரீதா அழவில்லை. நடந்ததையெல்லாம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அவுங்களைக் கூப்புடுங்க வாப்பா. திரைக்குப் பின்னால இருந்து நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

சாலிம் வந்தான். வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவே கட்டிய திரைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

"நான் வரமாட்டேன்னு சொன்னா வேற பொண்ணு பாப்பீங்களா?" என்று கேட்டாள் பரீதா.

தெருவில் ஒரு ரிக்‌ஷாக்காரன் கத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இல்ல. தனியாப் போவேன்."

"தனியாப் போனா அவுங்களை வெளிய கொண்டார முடியாதே."

"முடியாது. நானும் உள்ள போயி அவுங்ககூட உக்காந்துக்குவேன்."

நல்ல பதில்தான். கொஞ்சம் அதிகமாகவே நல்ல பதில் என்று சாகுல் ஹமீது நினைத்துக்கொண்டார். வழியெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பான். ஆனால் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பரீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள் போலிருக்கிறது.

"நிக்காஹ் இங்க நடக்கட்டும், எங்க வாப்பா முன்னால. அதுக்கப்புறம் நான் வர்றேன், ஒங்க பொஞ்சாதியா. அங்க குன்று மேல இருக்கவங்களுக்குக் காட்டுறதுக்கு இன்னொரு தடவை பொண்ணா உக்காரச் சொன்னாலும் உக்காருறேன். ஆனா இனிமே எதையாவது மறைச்சீங்கன்னா, அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன்."

"நானும் வருவேன்" என்றார் சாகுல் ஹமீது. அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

சிவப்புத் துணி கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. பச்சைக் கூடாரத்தைக் கோவிந்தசாமி தம் கையாலேயே தையல் தையலாகப் பிரித்தார். நிக்காஹ் எளிமையாக முடிந்தது. ஏடன் வரை நீராவிக் கப்பல், அங்கிருந்து முகல்லாவுக்குப் பாய்மரம், பிறகு ஒட்டகம். வழிநெடுக சாகுல் ஹமீது மருமகனைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார். அவன் ஒட்டகக்காரனிடம் அரபியில் எது பேசினாலும், என்ன சொன்னாய் என்று உடனே கேட்பார். சாலிம் பொறுமையாகச் சொல்லுவான். சொல்வது சரிதானா என்று இவருக்கு எப்படித் தெரியும்?

கல்யாண நாளன்று மணலில் சிவப்புக் கூடாரங்கள் தீப்பிடித்தது போல நின்றன. கொட்டு காதைப் பிளந்தது. பரீதா சிவப்புப் பட்டில், நாலு பேர் பிடித்த சிவப்பு விதானத்தின் கீழே, அந்த மண் மாளிகையின் வாசலுக்கு நடந்தாள். மகளின் கல்யாணக் கோலத்தைச் சாகுல் ஹமீது பார்க்கவே இல்லை. அவர் கண் குன்றின் மேலேயே இருந்தது. அங்கே பாறைகளுக்கு இடையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. வெளியே வந்தவர் வெயில் படாத தோலோடு, வைக்கோலுக்கு அடியில் முளைத்த செடி போல வெளுத்திருந்தார். நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். இவ்வளவு அகலமான இடத்தில் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது. பரீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது குன்றின் மேலே ஒருவன் எழுந்து நின்றான். கையில் துப்பாக்கி. ஊர்வலம் நின்றது. கொட்டுக்காரர்கள் மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்த அவர்களுக்குத் தைரியம் இல்லை. சாகுல் ஹமீது என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஓடிப்போய் மகளுக்கு முன்னால் நின்றார். நிமிர்ந்து பார்த்தால் சாலிம் அவருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

மேலே நின்றவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அது மரியாதையா, அவமரியாதையா என்று சாகுல் ஹமீதுக்கு விளங்கவில்லை. சாலிமைக் கேட்டார். அவனும் தெரியாது என்றான். முதல் தடவையாக மருமகன் சொன்ன ஒரு பதிலை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

ஏடனில் கப்பலேறிய பிறகு சாலிமின் தகப்பனார் அறைக்குள் போகவே மறுத்துவிட்டார். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மேல்தளத்திலேயே நின்றார். மூக்குத் தோல் உரிந்தது. சுமத்ரா கண்ணில் பட்ட நாளில் பெரிய மழை. எல்லாரும் உள்ளே ஓட, அவர் மட்டும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நனைந்தார். சாலிம் ஓர் ஓலைப் பாயைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தான்.

படிக்கட்டில் ஒதுங்கி நின்ற சாகுல் ஹமீது மகளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ சொல்லு. இவனை நம்பலாமா?"

பரீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மழையில் நிற்கிற அந்த இருவரையும் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டுத்தான் வாப்பா இருக்கேன்" என்றாள்.