கீழ் அறைக்கு வந்தவர்கள்

மழை பிடித்ததிலிருந்து துணி ஒன்றும் காயவில்லை. விருந்தினர் போர்வைகளை அண்ணி அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருந்தாள். வீடெல்லாம் புகை வாசம். தங்க வருகிறவர்கள் அதையும் கிராமத்து மணம் என்று புகழ்ந்துவிட்டுத்தான் போவார்கள் என்பான் அண்ணன்.

குருவி கீழ் அறைச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறாள் என்று அண்ணி அவளுக்கு வைத்த பெயர் அது. விருந்தினர்களுக்கு மாடி அறைகளைத்தான் கொடுப்பது வழக்கம். கீழ் அறையில் விதை உருளைக்கிழங்கு கிடக்கும். இந்த முறை கிழங்கு மூட்டைகள் மாடிக்குப் போய்விட்டன. ஈரக்காற்றில் சுண்ணாம்பு காய மாட்டேன் என்றது. கரிச்சட்டியில் தணல் போட்டு அறை நடுவில் வைத்திருந்தாள்.

எல்லாம் என்ஜினியருக்காக. போன வருஷம் ஓடைப் பாலம் கட்ட வந்து மழைக்காலம் முழுக்க இங்கே தங்கியவன். கன்று போட முடியாமல் பசு திணறியபோது அவளோடு சேர்ந்து கயிறு பிடித்தவன். பாலம் முடிந்த பிறகும், மழை விட்டதும் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாட்களைத் தள்ளினான். மழை அப்போதே விட்டிருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது, "அடுத்த மழைக்குக் கண்டிப்பா வருவேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் அவள், பெண் கேட்டு வந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

போன வாரம் அவன் அண்ணிக்குப் போன் செய்தான். கூட ஒருத்தர் வருகிறார், படி ஏற முடியாது, கீழே அறை கிடைக்குமா, வெந்நீர் வேண்டும், கட்டில் உயரமாக இருந்தால் நல்லது. அவன் அம்மாவின் மூட்டு வலி பற்றிப் போன வருஷமே இந்த வீட்டுக்குத் தெரியும். அண்ணிக்கு வேறென்ன வேண்டும்?

"சும்மா சுத்திப் பாக்கவா அந்தம்மா இவ்வளவு தூரம் முட்டியைத் தூக்கிட்டு வருது? பொண்ணு கேக்கத்தான் வருது."

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் ஒரே சுவருக்கு மூணாவது தடவை அடிக்கிற."

கார் வந்து நின்றபோது சாரல் வலுத்திருந்தது. குருவி பெரிய குடையோடு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, "மெதுவா எறங்குங்கம்மா, வழுக்கும்" என்று கையை நீட்டினாள். அதைப் பற்றியது ஒரு இளம் கை. பிறகு ஒரு சிரித்த முகம். அதற்குப் பிறகுதான் வயிறு தெரிந்தது.

"இப்பவே அம்மான்னு கூப்பிடறீங்களே, அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

என்ஜினியர் காரின் மறுபக்கம் நனைந்துகொண்டு நின்றான். "என் மனைவி" என்றான். குருவி குடையை அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் சரியாகப் பிடித்துக்கொண்டாள். தன் முதுகில் தண்ணீர் இறங்குவது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அந்தப் பெண்ணை வெறுக்க ஏதாவது கிடைக்காதா என்று அவள் தேடினாள். கிடைக்கவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "எனக்காகவா வெள்ளை அடிச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றாள் குருவி.

"போன வருஷம் என்னைப் பொண்ணு பாக்க வரேன்னு சொல்லிட்டு, மழை விடலைன்னு இங்கேயே உக்காந்துட்டாரு. எங்க அப்பாவுக்குக் கோவம் வந்து வேற இடமே பாத்திருப்பாரு. இவங்கம்மாதான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி வரவழைச்சாங்க. இப்ப இந்த இடத்தைப் பாத்தா எனக்கே கெளம்ப மனசு வராது போலிருக்கு."

அவ்வளவையும் ஒரு கதை போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். குருவி வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் மனசில் தான் இல்லாமல் இருந்திருந்தால், ஏமாந்தது தன் புத்திதான் என்று தேற்றிக்கொள்ளலாம். இருந்திருக்கிறாள். இருந்தும் போய்விட்டான்.

நடையில் அவன் நின்றிருந்தான்.

"போன்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல. இவதான் இங்க வரணும்னு ஒரே பிடிவாதம்."

"எதைச் சொல்லணும் சார்?"

இதுவரை அவள் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அவங்க தனியா இருக்காங்க, உள்ள போங்க. தரை இன்னும் ஈரம், நடக்கும்போது கையைப் பிடிச்சுக்கங்க."

சமையலறையில் அண்ணி சூப்புச் சட்டியைக் கரண்டியால் இடித்துக்கொண்டிருந்தாள். "இதுல ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டா என்ன?"

"அதை அந்தப் பொண்ணும்தானே குடிக்கும் அண்ணி."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தொழுவத்தில் பால் கறக்க உட்கார்ந்தபோதுதான் குருவிக்கு அழுகை வந்தது. பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது.

"என் வாய்தான் உன்னை இவ்வளவு தூரம் ஏத்தி விட்டுச்சு."

"நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அண்ணி கேட்டாள். "நாத்துப்பண்ணைக்காரருக்கு இன்னும் கல்யாணம் முடியலையாம். உங்கண்ணனைப் பேசச் சொல்லட்டா? நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்னுதான் வேணாங்கறேன்." குருவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரு மனசை இங்க போட்டுட்டுப் போய் ஒருத்தியைக் கட்டிக்கிட்டாரு. அது ஒண்ணும் தெரியாம உள்ள சிரிச்சுக்கிட்டு இருக்கு. நான் போய் இன்னொருத்தரை அப்படிச் சிரிக்க வைக்கவா?"

அண்ணி இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பசுவிடம் போய்க் குந்தினாள். கறந்து முடித்து எழுந்ததும் குருவி, நுரை அடங்காத பாலில் ஒரு செம்பு தனியாக ஊற்றி மூடி வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் அண்ணி.

"கீழ் அறைக்கு. காய்ச்சி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."