தொட்டிக்கு அடியில் ஓர் அறை

கடல் ஆய்வுக்கூடத்தில் நத்தைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவளை முதலில் கொசுக்கள் கடிப்பதை நிறுத்தின. பிறகு மனிதர்களும் தள்ளி உட்காரத் தொடங்கினார்கள். அவளுக்கு ஒதுக்கிய அறைக்குக் கூரையே மாடித் தொட்டியின் கண்ணாடி அடித்தளம்தான். பகல் வெயில் ஆளுயரக் கடல்நீரைக் கடந்து, நீலமாக வடிந்துதான் அவள் கட்டிலில் விழும். தொட்டியில் ஓடில்லாத நத்தைகள் இருந்தன. தண்ணீர் வழியே இறங்கிய வெயில் அவற்றின் உடம்பிலுள்ள ஒரு பொருளை மெல்ல மெல்ல வேறொன்றாக மாற்றியது. அது மீன்களுக்குக் கசந்ததால் நத்தைகள் பிழைத்தன. ஆய்வாளர்கள் மாறி மாறி உழைத்துக் கண்டுபிடித்தது இவ்வளவு. மதியத்தில் கீழே படுத்திருந்தவளும் மாறியதை யாரும் ஆராயவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு நத்தை.

அவளை விரும்பிய பம்ப் மெக்கானிக் மாதம் ஓரடி பின்வாங்கிப் பேசினான். கடைசியில் வாசலுக்கு வெளியே நின்று பேசினான். பிறகு, ஏனென்று தனக்கே தெரியாமல், வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். அவள் அறையை மாற்றிப் பார்த்தாள். உடம்பில் ஏறியது இறங்கவில்லை, திரும்பி வந்துவிட்டாள்.

கணவனை இழந்து, போக்கிடமில்லாமல் அக்கா ஒரு காலையில் பெட்டியோடு வந்தாள். தங்கையைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தவள் பாதியில் நின்று, வராந்தாவுக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

"என்னடி இது, உன் பக்கத்துல வந்தா நாக்கெல்லாம் கசக்குது?"

"அதான் யாரும் வர்றதில்ல. நீயும் கெளம்புக்கா."

"எங்கடி கெளம்ப? எனக்குன்னு நீ ஒருத்திதானே இருக்க!"

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அக்கா, தங்கை மாடிக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். மேலே இருந்த தங்கை அதைத் தொட்டி வழியே பார்த்துவிட்டாள். அக்கா கலகலப்பானவள், நாலு பேர் இல்லாமல் சோறு இறங்காது. இவளைப் போல ஆகிவிட்டால் அந்த நாலு பேரும் போய்விடுவார்கள். அவள் அவசரமாகத் தொட்டிமேல் நிழல்வலையை இழுத்து மூடினாள். கீழே அறை இருண்டது. உடனே விளக்குமாற்றுக் கட்டையால் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏய், வெயில விடுடி!"

அவள் வலையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு விலக்கினாள்.

அக்கா தினமும் படுத்தாள். இரவில் அவள் விரிக்கும் பாய் வராந்தாவிலிருந்து வாசற்படிக்கும், வாசற்படியிலிருந்து அறைச் சுவரோரத்துக்கும் நகர்ந்தது. வராந்தாவில் அக்காவோடு பேச வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வருவது நின்றது; அக்கா ஒருநாள் அழுதாள், மறுநாளும் படுத்தாள். மழைக்காலத்துக்கு முன் ஒரு மதியம் அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தங்கையின் அருகில் வந்தாள்.

"நகந்து படு, மகாராணி."

ஆள் கூடியது தெரிந்து ஆய்வுக்கூடம் இன்னொரு கட்டில் அனுப்பியது. அதில் துணி மடித்து வைத்தார்கள்.