காளியாயியின் சிறுத்தை

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நாங்கள் மூவரும் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. காட்டு மிருகம் ஒன்றைத் தான் குடியிருக்கும் லயத்தில் வளர்ப்பதாக ஒருத்தி சொல்ல வேண்டும். மற்ற இருவரும் குடைந்து குடைந்து கேட்போம். சிரித்தவள் தோற்றாள். கிறுக்குத்தனம்தான். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

மரியநாயகி முள்ளம்பன்றி வளர்த்தாள், தலைவாரச் சீப்பு மிச்சமாம். நான் கரடி வளர்க்கப்போய்ச் சிரித்துத் தோற்றேன். காளியாயியை மட்டும் அசைக்க முடியாது. அவள் புருசன் போன மாரியில் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்து வேலைக் கணக்கில் அவள் பேர் இருக்கும்வரைதான் லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பரா அவளுக்கும் கைப்பிள்ளைக்கும்.

அன்று அவள் சிறுத்தை வளர்த்தாள்.

"எங்கடி கட்டிப்போட்டிருக்க?" என்றேன்.

"காம்பரா வாசல் இஸ்தோப்புல."

"திங்க என்னா குடுக்கிற?" என்றாள் மரியநாயகி.

"தொரையோட நாயத்தான். எலும்ப வாழையடியில பொதச்சிட்டேன்."

மரியநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மேல் ரோட்டில் துரை நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. சீமையிலிருந்து புதிதாக வந்தவர். புத்தகம் வைத்துத் தமிழ் படித்ததில் அவருக்கு ஏகப் பெருமை. முந்தின நாளிலிருந்து அவருடைய நாயைக் காணோம் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவோடு இறங்கி வந்து, "நாய் எங்கே?" என்றார்.

காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "வெளாட்டுங்க தொரை. சும்மா வெளாட்டு."

அது அவர் படித்த சொல்தான். அதுவே வினையாகிப்போனது. "நாயைக் கொல்வது உனக்கு விளையாட்டா?" என்று கத்தினார். நாங்கள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். கண்டாக்கு ஐயாவுக்கு எல்லாம் விளங்கியது, எனக்குத் தெரியும். அந்த மனுசன் வாயில் கொழுக்கட்டை.

வாழையடியைத் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. வேறெங்கோ ஒளித்துவிட்டாள் என்று சொல்லி, வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டயகம தோட்டத்தில் வேலை கேட்டாள், அக்கரப்பத்தனையில் கேட்டாள். துரை நாயைக் கொன்றவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

அந்தப் பாழாய்ப்போன நாய் சேறும் சகதியுமாகத் தானே திரும்பி வந்தது. நாங்கள் ஆபீசுக்கு ஓடினோம். கண்டாக்கு ஐயா எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சு. போங்க," என்றார்.

மறுநாள் காலையில் மூட்டையும் பிள்ளையுமாக அவள் ரோட்டில் நின்றாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மரியநாயகிதான் தாங்க மாட்டாமல் கேட்டாள்.

"சிறுத்தைய என்னடி செய்யப்போற?"

காளியாயி பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள். முகம் மாறவில்லை.

"இங்கனயே விட்டுட்டுப் போறேன். அதுக்காச்சும் ஒரு காம்பரா இருக்கட்டும்."

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.