விழ மறுத்த போலிக் கார்

மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்ட போலிக் கார் விழவில்லை; இறங்கியது. மூட்டுவலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல, நிதானமாக. உள்ளேயிருந்து கதாநாயகனுக்கு டூப் போடுகிறவன் வெளியே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

காரைச் செய்தவள் அவனுடைய அக்கா. பணக்காரர் ஒருவரின் பழங்காலக் காரிலிருந்து அச்செடுத்து, ஃபைபரில் உடம்பு வார்த்து, ஓட்டை வேனின் சேஸிஸில் பூட்டுவது அவள் பட்டறையின் வேலை. கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் பெயின்ட். கடைசியில் உடம்பை அங்கங்கே ரம்பத்தால் பாதி அறுத்து, பட்டி தடவி மறைக்க வேண்டும். அப்போதுதான் அழகாகச் சிதறும். போன படத்தில் கார் அழகாகத்தான் சிதறியது. தம்பியின் இடுப்பும் சிதறியது. ஆஸ்பத்திரிக்கு வந்த இயக்குநர், கலை ரத்தம் கேட்கும் என்று அரை மணி நேரம் பேசினார். யாருடைய ரத்தம் என்று கலை குறிப்பாகச் சொல்லவில்லை போலும். தம்பி எழுந்து நடந்ததும் மறுபடி மலைக்குக் கிளம்பினான். தடுத்தால் கேட்கிற ஆளில்லை. அக்கா ரம்பத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். வேறெதுவும் செய்யவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

"கார் விழணும்மா, இறங்கக் கூடாது!" என்று இயக்குநர் குதித்தார்.

"எந்தம்பி உள்ள இருக்கான் சார். இறங்கத்தான் செய்யும்."

"அறுத்துத் தொலையேன்!"

"நீங்க ஏறி உக்காருங்க, அறுக்கிறேன்."

இயக்குநர் ஏறவில்லை. தானே ரம்பம் வாங்கி அறுத்தார். அறுத்த இடமெல்லாம் பால்மேல் ஆடை படிவதுபோல் பின்னாலேயே கூடிக்கொண்டு வந்தது. வேறு வழியின்றிக் கார் இறங்கும் காட்சியையே படத்தில் வைத்தார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. அது தன் தொலைநோக்கு என்று இயக்குநர் மேடைதோறும் பேசினார். சில வருடங்களில் எந்தப் படத்திலும் கார் விழுவது நின்றுபோயிற்று.

இதில் மனம் புண்பட்டவர் அசல் காரின் சொந்தக்காரர்தான். போலியே இறங்கும்போது அசல் இறங்காதா என்று பரம்பரைப் பெருமையை நிரூபிக்க விருந்தினர்களைக் கூட்டி, அசலை அதே உச்சியிலிருந்து காலியாகத் தள்ளினார். அது அம்மிக்கல்லாய் விழுந்தது. நிபுணர்கள் கூடி அதைப் போலி என்று அறிவித்தார்கள். மறுநாளே அவர் பட்டறைக்கு வந்து, ஓர் அசல் வேண்டும் என்றார்.

"உள்ள யாரு உக்காரப் போறாங்க?" என்றாள் அக்கா.

"யாருமில்லம்மா. சும்மா நிறுத்தி வைக்கத்தான்."

"அப்ப விழும்" என்று சொல்லிவிட்டுப் பட்டி குழைக்கப் போனாள்.

தம்பி இப்போதும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறான். மதியம் வரத் தாமதமானால், மேலே எதிர்க்காற்று போல என்று அக்கா சாப்பாட்டை மூடி வைக்கிறாள்.