ஐம்பது அங்குலக் கோடு

1

வந்திருந்தோர்: தலைவர் (ஓய்வுபெற்ற தபால் அதிகாரி), சன்னலோரம், கால் ஆடாத ஒரே நாற்காலியில். தச்சர், தம் கருவிப்பெட்டியின் மேல். ஓடக்கார அக்கா, வாசற்படியில். துறையில் யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. செயலாளராகிய நான், மேசையருகே. எங்கள் நால்வருக்கும் எதிரே, சுவரோடு நிறுத்தி ஆணியடித்த ஒரு பழைய ஒற்றைக் கதவு.

ஊர் வரலாற்றுக் கழகத்தின் கூட்டக் குறிப்புகளை இப்படித்தான் எழுதுவேன். ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. வெள்ளத்தடுப்புப் பொறியாளருக்கு நான் எழுத வேண்டிய பதில், நாலு வரியில் அடங்க மறுத்து இப்படி நீண்டுவிட்டது.

2

பொறியாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெருவெள்ளத்தில் கீழத்தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது? மூன்று அடிக்கு மேல் என்றால் அங்குள்ள பதினொரு வீடுகளையும் காலி செய்யச் சொல்வார்கள். குறைவென்றால் கரையை உயர்த்தினால் போதும்.

எங்களிடம் விடை தயாராக இருந்தது. இந்தக் கதவு கீழத்தெருவில் ஓடக்கார அக்காவின் வீட்டில் இருந்தது. வெள்ளம் வந்தது அவர் பிறப்பதற்கு முன். கதவின் குறுக்கே வண்டல் விட்டுப்போன பழுப்புக் கோடு, தரையிலிருந்து ஐம்பது அங்குலம். ‘மார்பளவு வெள்ளம் கண்ட ஊர்’ என்று தலைவர் கைப்பட எழுதிய பலகை வாசலில் தொங்குகிறது. இந்த அறையே எங்கள் அருங்காட்சியகம்; வருகிறவர்கள் இந்தக் கதவருகே நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். (மற்றவை: இரண்டு துடுப்புகள், ஒரு தபால் பை, நாக்கு இல்லாத ஒரு மணி.)

3

என் முதல் தொடக்கம்: ‘அன்று ஆறு சீறிப் பாய்ந்து

அடித்துவிட்டேன். ஆற்றின் மேல் பழி போட்டு எழுதுவது சுலபம். தவறு எங்கள் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

‘ஐம்பது அங்குலம்’ என்று எழுதிய பதிலை வாசித்துக் காட்டினேன். அக்கா தலை குனிந்திருந்தார்.

“எங்க மாமியார், வெள்ளத்தப்போ கட்டில் மேல உக்காந்து சமைச்சேன்னு சொல்வாங்க. மார்பளவுன்னா கட்டிலே முங்கியிருக்குமே. சரி, மியூசியத்துல இருக்கறது பொய்யா இருக்குமா?”

தச்சர் இருமினார். அவர் என் கூடப்பிறந்த அக்காவின் கணவர்.

“மாப்ள, அந்தக் கதவு தலைகீழா நிக்குது.”

எழுந்து போய்க் கதவின் மேல் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

“கொண்டு வந்தப்போ அடிப்பக்கம் பூரா எலி கடிச்சு இத்துப்போயிருந்துச்சு. அதை ஊணி நிறுத்தினா சாயும். திறக்கப்போற கதவா என்னன்னு, திருப்பி வச்சு, கடிபட்ட ஓரத்தைச் சட்டம் அடிச்சு மூடிட்டேன். கோட்டை அப்ப யாரு பாத்தா?”

“ஆறு வருஷம், மச்சான்!”

“மறுவாரமே தலைவர் பலகை மாட்டிட்டாரு. மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம். எந்த வாயால சொல்றது?”

தலைவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “தாழ்ப்பாள் ஏன் இவ்ளோ கீழ இருக்குன்னு கேட்டவங்களுக்கெல்லாம், சின்னப் பிள்ளைங்களுக்கும் எட்டணும்னு வச்சாங்கன்னு விளக்கம் சொன்னேனய்யா!”

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு தலைவரும்.

4

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ: ஐம்பது அங்குலத்தை அப்படியே அனுப்புகிறோம். பலகை தொங்குகிறது. கீழத்தெருவில் (மேலே எழுத முடியவில்லை.)

ஆ: ‘அளவெடுத்ததில் சிறு பிழை’ என்று பூசி மெழுகி, மச்சானைக் காப்பாற்றுகிறேன். உண்மையில் என்னைத்தான்; என் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவதைக் கடிதத்தில் எழுதியே விட்டேன். மச்சான் எட்டிப் பார்த்தார்.

“அதை அடி. என் பேரைப் போட்டு நடந்ததை எழுது. இல்லேன்னா வீட்டுக்காரங்களே குறைச்சுச் சொல்றாங்கன்னு இன்ஜினியர் நினைப்பாரு.”

(கடிதத்தில் அவர் முழுப்பெயர் இருக்கிறது. கதையில் தச்சராகவே இருக்கட்டும்.)

சட்டத்தை அவரே பெயர்த்தார். எலிப் பல் பதிந்த ஓரத்திலிருந்து கோடு வரை இருபத்திரண்டு அங்குலம். நான் எழுதப் போனேன்.

“எலி தின்னதைச் சேத்தீங்களா தம்பி?” என்றார் அக்கா. “ரெண்டு அங்குலமாவது போயிருக்கும். கூட்டுங்க.”

“கூட்டினா உங்களுக்குத்தானேக்கா பாதகம்?”

“நாளைக்குத் தண்ணி வந்தா அதுல நிக்கப்போறது நான். கரை பத்தாம போனா எலி வந்து தூக்கிவிடுமா? சரியா எழுதுங்க.”

கூட்டினேன். இரண்டு அடி.

5

பலகையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றார் தலைவர். “கீழ ஒண்ணு எழுதறேன்: ‘இக்கதவு ஆறு வருடம் தலைகீழாக நின்றது.’ இன்னும் கூட்டம் வரும் பாரு.”

பொறியாளர் நம்புவாரா? பதில் வரும்வரை காத்திருந்து இந்தக் கதையை முடித்திருக்கலாம்தான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவருடைய பதிலை அல்ல, எங்களுடையதை. ஆகவே, ‘அடுத்த மழைக்கு அந்தப் பதினொரு வீடுகளிலும்

இந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகவே முடிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தலைவர் உறையை ஒட்டி, பழைய வழக்கப்படி கட்டைவிரலால் மூன்று முறை அழுத்தினார். தபால் பெட்டி அக்கரையில். அக்கா கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். துறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“இதோ வர்றேன்!” என்று குரல் கொடுத்தபடி இறங்கிப் போய், கயிற்றை அவிழ்த்தார்.