இடுப்பில் இழுத்த வில்

வஜ்ஜிரப் பசை காய்ச்சும் நாளில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பால்காரர்கூடப் பாக்கெட்டைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, மணியை அடிக்காமலே போய்விடுவார். ஆட்டுத்தோல் சீவல்கள் கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. மிதமான சூட்டில் கிடந்து மெல்லக் கரைய வேண்டும். கொதித்துவிட்டால் பசைக்குப் பிடிப்பு இருக்காது. அதனால் யாராவது ஒருவர் சட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான்.

ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோய், பல நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. கூடவே ஒரு விலங்கின் உடல்சூடும் சேர்ந்தது போல இருக்கும். கல்யாணமான புதிதில் தலைமுடியில், தலையணையில், குடிக்கும் தண்ணீரில் எல்லாம் அது இருந்தது. "பழகிடும்" என்றார் என் கணவர். பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. மரத்தில் வில் செய்கிறோம். வில் அவருடைய வேலை. அம்பு அவருடைய தம்பியின் வேலை. எப்போது பார்த்தாலும் தலையிலோ புருவத்திலோ ஒரு இறகுத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதால் என் கொழுந்தனுக்கு வீட்டில் 'கோழி' என்று பெயர். பசை, தோல், நரம்பு மூன்றும் என்னுடையவை. வேலைக்குக் குறைவில்லை. சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், போட்டிக்கு எய்கிறவர்கள் ஒரு பக்கம் என்று வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

நரம்பு என்றால் மாட்டின் பின்னங்கால் நரம்பு. காய்ந்து விறகு மாதிரி இருக்கும். கல்லால் தட்டினால் நார் நாராகப் பிரியும். அந்த நாரால்தான் அம்பில் இறகைக் கட்டுவது. கட்டுவதற்கு முன் வாயில் போட்டு ஊறவைக்க வேண்டும். தண்ணீரில் ஊறினால் வழுக்கிக்கொண்டு போகும். எச்சிலில் ஊறினால்தான் பிடித்துக்கொள்ளும் என்பது என் மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம். சட்டம் போட்டவரும் சரி, அவர் பெற்ற பிள்ளைகளும் சரி, யாரும் நாரை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

"அண்ணி வாயில நரம்பு இருக்கிற வரைக்கும் அண்ணனுக்கு நிம்மதி" என்பான் கோழி.

பதில் சொல்ல நாரைத் துப்ப வேண்டும். துப்பினால் மறுபடி முதலிலிருந்து ஊறவைக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டேன்.

அளவு கொடுக்க வந்த பல் டாக்டர்தான் இதை முதலில் கவனித்தார். எங்கள் வயதுப் பெண்மணி. போட்டியில் எய்கிறவர், ஆனால் மரவில் அவருக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் விரித்து நின்று அளவு கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன மெல்றீங்க?"

வாயிலிருந்து எடுத்துக் காட்டினேன். முகம் சுளிக்கவில்லை. "எங்க, ஆ காட்டுங்க" என்றார். காட்டினேன். பட்டறை நடுவில், மரத்தூளுக்கு மத்தியில், என் கணவர் அளவுநாடாவோடு காத்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முன்பல்லு ரெண்டும் நல்லாத் தேஞ்சிருக்கு. நேரம் கிடைச்சா ஒருநாள் வாங்க."

"நாள் பூரா ஊரார் வாயைப் பாக்கறீங்களே, உங்களுக்கு அருவருப்பா இருக்காதா டாக்டர்?"

"வாயில என்ன அருவருப்பு. ரெண்டு வேளையும் விளக்கறேன்னு சத்தியம் பண்றாங்க பாருங்க, அப்பத்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்."

கோழி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் அளவுக்கு ஏற்ற நீளத்தில் பரணில் ஒரே ஒரு மரம்தான் இருந்தது. வருடக்கணக்காகக் காய்ந்த மரம். வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. எய்கிறவரைப் பார்த்திருப்பது வயிறு, குறியைப் பார்த்திருப்பது முதுகு. இழுக்கும்போது விண்ணென்று இழுபடுவது முதுகுதான். அதனால் முதுகு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மரத்தின் ஒரே ஆண்டுவளையமாக இருக்க வேண்டும். மேல்வளையத்தைச் சீவி எடுக்கும்போது கத்தி ஓரிடத்தில் அடுத்த வளையத்துக்குள் இறங்கிவிட்டாலும் அது எய்வதற்கு ஆகாது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த இடத்தில் வெடிக்கும். முழுக்க இழுத்த வில் வெடித்தால் சிராய் எங்கே பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாண் கன்னத்தில் இருக்கும். கண் அதற்கு மேலே இருக்கும்.

என் கணவர் அந்த மரத்தைச் சீவிய அன்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டே சீவினார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். சமையலறையில் இருந்த எனக்குப் பேச்சு சட்டென்று நின்றது கேட்டது. அப்புறம் மறுபடி தொடர்ந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, "முதுகுக்குத் தோல் ஒட்டிடு" என்றார்.

"டாக்டர் தோல் வேணாம்னாங்களே. மரம் தெரியணும்னாங்களே."

"தோல் போட்டா எடுப்பா இருக்கும். ஒட்டு."

நனைத்த தோலை வஜ்ஜிரத்தின் மேல் பரப்பிக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போனேன். இந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காது. நடுப்பிடியைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் விரல் நின்றது. தோலுக்கடியில் ஒரு தழும்பு. வழவழப்பான மரத்தின் நடுவே சொரசொரப்பாக ஒரு விரல் நீளத்துக்கு. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்.

"இது என்னங்க?"

"கணு."

கணு அப்படி இருக்காது. கணு கெட்டியாக, வட்டமாக இருக்கும். ஆனால் என் விரல் அதற்குள் அந்த இடத்தையும் நீவி முடித்துவிட்டிருந்தது. எதுவுமே தெரியாதபடி, அழகாக. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கட்டைவிரல் தட்டில் படாமல் மற்ற விரல்களால் சாப்பிட்டேன்.

தோல் காய்ந்தபின் வில்லைச் சுவர்க்கட்டையில் பொருத்தி, கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்ப்பார். எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே வயிற்றுப்பக்கம் சுரண்டுவார். நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கயிறு இறங்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தைக் கடித்தால் வருவது போல, அவ்வளவு சின்னது. அந்தச் சத்தம் வந்த மறுகணம் அவர் இருமினார்.

சளி இல்லை, தூசி இல்லை. சும்மா ஓர் இருமல். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சட்டியைத் தேய்த்தேன். எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்து, அவருடைய குறட்டை, ஏப்பம், இருமல் எல்லாவற்றையும் கேட்டவள். எதிலும் எனக்கு இந்த மாதிரிக் குமட்டியதில்லை.

வில்லை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் அவர், பட்டறைப் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அதை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி காயப்போடப் போன நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. வாங்க வந்தவர் முன்னால், செய்தவர் முதலில் நாணைக் கன்னம்வரை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். இவர் இடுப்பருகே வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

உள்ளே போனேன்.

"அந்த வில் வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"யார் சொன்னா? எத்தனை தடவை இழுத்துட்டேன் தெரியுமா."

"எங்க வச்சு?"

"என்ன எங்க வச்சு?"

"கன்னத்துலயா, இடுப்புலயா?"

சிரித்தார். "இங்க பாரு, போட்டி ஞாயித்துக்கிழமை. வேற மரம் கிடையாது. எங்க கையில மரம் கெட்டதே இல்லைன்னு அந்தம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். நீ பாட்டுக்கு எதையாவது கிளப்பாத. தோல் தாங்கும்."

"தோல் நான் ஒட்டினது."

"அதான் சொல்றேன். நீ ஒட்டினா விடாது."

என்னைப் புகழ்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கோழியிடம் போனேன். இறகு வெட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்களுக்குத் தெரியுமா?"

என்ன, எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. இறகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "நான் அம்பு அண்ணி" என்றான். "வில்லு அவரு."

மறுநாள் காலை டாக்டர் வந்தார். கடைசி அம்பின் இறகுக்கட்டு மட்டும் பாக்கி. நான் நாரை வாயில் அடக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு டீ போடுவதற்காக அடுப்பில் கெட்டிலில் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, தோல் போட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"உங்களுக்காக ஸ்பெஷல்" என்றார் என் கணவர். அந்தக் குரலை நான் வாடிக்கையாளர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன். வஜ்ஜிரம் மாதிரி வெதுவெதுப்பாக இழுபடும். "எங்க வீட்டு முறை, முதல்ல நான் இழுத்துக் காட்டணும்."

எடுத்தார். இடுப்பருகே வைத்து இழுத்தார். "தோள்பட்டை கொஞ்சம் பிடிச்சிருக்கு டாக்டர், அதான் தாழ்வா இழுக்கறேன்." விட்டார். இருமினார். "இப்ப நீங்க முழுசா இழுங்க. கன்னம்வரைக்கும் வரணும், அப்பத்தான் இதோட அருமை தெரியும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எய்யும்போது போட்டுக்கொள்ள மாட்டாராம். கழற்றி, மடித்து, பத்திரமாக மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களைச் சுற்றித் தோல் மெல்லிசாக, வெளிறி இருந்தது. வில்லைத் தூக்கினார்.

என் வாயில் நரம்பு இருந்தது. வருடக்கணக்கில் மென்று மென்று, அதன் உப்பும் கவிச்சியும் என் எச்சிலின் ருசியாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தக் கணத்தில் அது நாக்கில் புரண்டபோது, முதல்நாள் போலவே ஓங்கரித்தது. தரையில் துப்பினேன்.

"இழுக்காதீங்க டாக்டர்."

நாணைத் தொட்ட விரல்களோடு அவர் அப்படியே நின்றார். அவர் கையிலிருந்து வில்லை வாங்கினேன். என் கணவர், "ஏய், என்ன இது, அவளுக்கு உடம்பு சரியில்ல டாக்டர்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் வில்லைக் கழுவுதொட்டியில் முதுகு மேலே தெரியக் கிடத்தி, கெட்டிலை எடுத்துச் சுடுதண்ணீரை நீளவாக்கில் ஊற்றினேன்.

வஜ்ஜிரம் சூட்டுக்குக் கரைந்துவிடும். காய்ச்சுகிறவளுக்குத் தெரியாதா. ஆவி எழுந்தது, கூடவே வாடை. டாக்டர் புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டார். தோல் வெளுத்து, வீங்கி, கொழகொழவென்று ஆனது. ஒரு முனையைக் கிள்ளி இழுத்தேன். வெந்த தோல் உரிவது போல முழுசாக உரிந்து என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அடியில் அடைத்திருந்த மரத்தூள் ஊறிக் கஞ்சியாக ஒழுகிற்று. அந்தப் பள்ளத்தின் ஓரத்திலிருந்து, வில்லின் குறுக்கே, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

டாக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். ஒரு வாய்க்குள் பார்ப்பது போல, அவசரப்படாமல் பார்த்தார்.

"உள்ள சொத்தையை வச்சிக்கிட்டு மேல அடைச்சிருக்கு" என்றார்.

"கணு டாக்டர்" என்றார் என் கணவர். "இந்த மரத்துல அப்படித்தான் கணு வரும்."

அப்போதும். எல்லாம் ஒழுகித் தொட்டியில் கிடக்கும்போதும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருடைய மீசையில் ஒட்டியிருந்த ஒரு துளி எச்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், இருமும்போது தெறித்தது.

டாக்டர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். என்னிடம், "கை கழுவ சோப்பு இருக்கா?" என்றார். இரண்டு தடவை கழுவினார். போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பல்லைக் காட்ட வாங்க" என்றார்.

அவர் கார் கிளம்பும் சத்தம் அடங்கியபின் என் கணவர் வில்லைத் தொட்டியிலிருந்து தூக்கித் துணியால் துடைத்தார். "மானத்தை வாங்கிட்ட" என்றார். பிறகு துடைத்துக்கொண்டே, கொஞ்சம் தணிந்து, "சரி, சுவத்துல மாட்டறவனுக்குக் குடுத்துடலாம். சாயங்காலம் புதுத்தோல் ஒட்டிடு" என்றார்.

"கன்னத்துல இழுத்துக் காட்டுங்க. ஒட்டறேன்."

"சுவத்துக்குத்தான்னு சொல்றேன்ல."

"சுவத்துல மாட்டறவன் ஒருநாள் எடுத்து இழுக்க மாட்டானா? அவன் பிள்ளை இழுக்க மாட்டானா? இழுங்க. நான் பாக்கறேன்."

வில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாண் இன்னும் மாட்டியபடிதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வில்லைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுப்பைப் பற்றவைத்து, சமையல் முடித்து, அவர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து மென்று விழுங்குவதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன். அந்த நினைப்பே போதுமாக இருந்தது. ரம்பத்தை எடுத்து, விரிசல் இருந்த இடத்திலேயே வைத்து அறுத்தேன். பாதிகூட அறுக்கவில்லை, தானாகவே முறிந்தது.

கோழி இவ்வளவு நேரமும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. மடியில் அந்தக் கடைசி அம்பு. நான் துப்பிய நார் தரையில் மரத்தூள் ஒட்டிக் கிடந்தது. நான் அதை எடுப்பதாக இல்லை என்று அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கல்லின் பக்கத்தில் தட்டி வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு புது நாரை உருவி, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டான்.

அவன் முகம் கோணிக்கொண்டு போனது. கண்ணில் நீர் முட்டியது.

"இதையா அண்ணி இத்தனை வருஷமா" என்றான், நாரோடு குழறியபடி.

பழகிடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"துப்பிடுங்க தம்பி" என்றேன்.